அஞ்சலாட்சியின் இடது கன்னம்

தோல் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற துறைக்காரர்களுக்கு நோய் உள்ளே எங்கோ இருக்கிறது. பிடிபடவில்லை என்றால் "இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போடலாம். நமக்கு அந்த வசதி கிடையாது. நம் நோய் நோயாளியின் கன்னத்தில் உட்கார்ந்துகொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்கும் அது தெரியும். அவரும் ஒரு காரணம் சொல்வார். அவர் சொன்னதே சரியாக இருந்துவிட்ட நாள்களும் உண்டு.

முப்பது வருடங்களுக்கு மேல் காலையில் விழுப்புரத்தில் அரசு மருத்துவமனை, மாலையில் திண்டிவனத்தில் சொந்த கிளினிக் என்று ஓடியவள் நான். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. "உங்கள் சாதனைகளைச் சொல்லுங்கள் மேடம்" என்று கேட்டிருந்தீர்கள். சாதனைகளைச் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட கணவனும் மனைவியும் "தாராளமா சொல்லுங்க" என்று அனுமதி தந்திருக்கிறார்கள். மனைவி அதைச் சொல்லும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஓர் ஆவணி மாதத்து மாலையில், ஓமந்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் ஏழுமலை. அவருக்குப் பின்னால் மனைவி அஞ்சலாட்சி. கடைசியில் மகள் கௌரி. ஏழுமலை மைக் செட் வைத்திருப்பவர். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவதோடு அறிவிப்பும் அவரே செய்வார். என் அறை பத்துக்குப் பத்துதான். அவர் அங்கேயும் ஒரு மைதானத்துக்குப் பேசுவதுபோலத்தான் பேசினார். ஐம்பத்தைந்து வயது. மேலுதட்டில் கரேலென்று ஒரு மீசை, இரண்டு பக்கமும் மேலே முறுக்கிவிட்டது. நல்ல மீசை என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

அஞ்சலாட்சி அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். இடது கன்னம், மேலுதட்டின் இடது ஓரம், இடது காதுமடல், கழுத்தின் இடது பக்கம், எல்லாம் சிவந்து தடித்து, சொறிந்த இடங்களில் பொருக்குத் தட்டியிருந்தது. வலது பக்கம் துடைத்து வைத்ததுபோலச் சுத்தம். நடுவில் யாரோ கோடு போட்டுப் பிரித்த மாதிரி.

"எத்தனை நாளா இருக்கும்மா?" என்று அஞ்சலாட்சியிடம் கேட்டேன்.

"ரெண்டு மாசமா இருக்குதுங்க டாக்டரம்மா," என்றார் ஏழுமலை.

"அரிப்பு எப்போ அதிகம்?"

"காத்தாலதாங்க. எழுந்து ஒக்காந்ததுமே பறபறன்னு சொறிஞ்சிக்கினே இருக்கும். பாக்கவே பேஜாரா இருக்குதுங்க." இதுவும் ஏழுமலைதான்.

"முகத்துக்கு என்னென்ன போடுவீங்க?"

அஞ்சலாட்சி வாயைத் திறந்தார்.

"மஞ்சளு, பவுடரு. அவ்ளோதாங்க. வேற எதையும் அவ கையால தொடமாட்டா," என்றார் ஏழுமலை.

அஞ்சலாட்சி வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் திறந்ததை நான் பார்த்தேன். மூடியதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஏழுமலை கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்கிறார், தெளிவாகவும் சொல்கிறார். பதில் சொல்ல ஒருவர் கிடைத்தால் நாம் அவர் பக்கமே திரும்பிவிடுகிறோம். யாருக்கு அரிக்கிறது என்பது அந்த அவசரத்தில் மறந்துவிடுகிறது.

என்னிடம் வருவதற்குள் அந்தக் கன்னம் பட்டபாடு கொஞ்சமில்லை. மெடிக்கலில் கொடுத்த மூன்று விதமான ட்யூப் போட்டாயிற்று. கத்திரிக்காய், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று. அக்கி என்று யாரோ சொல்ல, காவி கரைத்துப் பூசி அக்கி எழுதியும் பார்த்தாயிற்று. நான் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். படர்தாமரை இல்லை. ஏதோ ஒன்று வெளியிலிருந்து பட்டு ஒவ்வாமல் வருகிறது என்பதுவரை எனக்குத் தெளிவு. என்ன பட்டது என்பதுதான் கேள்வி. மஞ்சளையும் பவுடரையும் நிறுத்தச் சொல்லி, களிம்பு கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் குறைந்தது. மூன்றாவது வாரம் திரும்ப வந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. பிரமாதமான யோசனை தோன்றினால் உடனே எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். அதற்குள் பாதி யோசனை வடிந்துவிடும். நான் குடிக்கவில்லை. இடது கன்னம், இடது காது, இடது கழுத்து. வேறென்ன, கைபேசிதான்! உலோக ஓரம் வைத்த கைபேசி உறையால் வரும் ஒவ்வாமை பற்றி அப்போதுதான் எங்கோ படித்திருந்தேன்.

"போன் ரொம்பப் பேசுவாங்களா?" என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

"அய்யோ, எந்நேரமும் போன்தாங்க! அவ அக்கா, தங்கச்சி, அங்கன்வாடி டீச்சருங்கன்னு பேசிக்கினே இருப்பா!"

அஞ்சலாட்சியின் கண்கள் லேசாக விரிந்தன. அவ்வளவுதான். நான் கைபேசி உறையைத் தூக்கிப் போடச் சொன்னேன். காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் பேசச் சொன்னேன். புதுக் களிம்பு எழுதினேன். அது எதையும் மாற்றவில்லை. அஞ்சலாட்சியின் குடும்ப ரகசியங்களெல்லாம் ஸ்பீக்கர் வழியாகத் தெருவுக்குப் போனதுதான் மிச்சம்.

இதற்கிடையில் கௌரிக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. தை மாதம் கல்யாணம்.

கார்த்திகையில் ஏழுமலை சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். மார்கழி நடுவில் அஞ்சலாட்சி வந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். இடது கன்னமும் வலது கன்னமும் ஒன்றுபோல இருந்தன. சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. கறுப்பு வேட்டியும் தாடியுமாகப் பக்கத்தில் நின்ற ஏழுமலை, "எல்லாம் ஐயப்பன் செயலுங்க சாமி," என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாலை போட்டவர்கள் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள், என்னையும் சேர்த்து. ஐயப்பன் செயல் என்று அவர் சொல்ல, என் களிம்பின் செயல் என்று நான் நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. விழுப்புரத்தில் பயிற்சி மருத்துவர்களைக் கூப்பிட்டு முன்பு எடுத்த படத்தையும் பின்பு எடுத்த படத்தையும் காட்டி, "விடாமல் யோசித்தால் காரணம் கிடைக்கும்" என்று ஒரு சின்ன உரையே நிகழ்த்தினேன். அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்புகள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

தை பிறந்தது. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, காலையில் விழுப்புரம் ஓ.பி.யில் ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். பட்டுக்கரைப் புடவை, கையில் ஓ.பி. சீட்டு. "கையில நமைச்சலுங்க," என்று மணிக்கட்டை நீட்டினார். மணிக்கட்டில் ஒன்றுமே இல்லை. வளையல்தான் இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "டாக்டரம்மா, ஓமந்தூர்ப் பக்கத்துல மைக் செட்காரரு ஏழுமலைன்னு. அவரு சம்சாரம் உங்ககிட்டதான் காட்டிக்கினு இருக்காங்களாம், அவரே ஊரெல்லாம் சொல்லிட்டாரு. நான் மாப்பிள்ளையோட அம்மா. நல்லா ஆயிடுச்சுன்னாங்க. நேத்து பத்திரிக வெக்க வந்தாங்க, மூஞ்சியெல்லாம் வீங்கிக் கெடக்குது. அது தொத்து வியாதியாங்க? குஷ்டமா இருக்குமோன்னு எங்க சனங்க பேசிக்கிறாங்க. கல்யாணத்தத் தள்ளி வெச்சிடலாமான்னு எங்க வூட்டுக்காரரு கேக்குறாரு."

எனக்கு இரண்டு அடி ஒரே சமயத்தில் விழுந்தது. சரியாகிவிட்டது என்று நான் மார்தட்டிய நோய் திரும்ப வந்துவிட்டது. அதனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறது. "அது குஷ்டமும் இல்லை, தொற்றும் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்த அம்மா எழுந்து போய்விடுவார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் யார் என்னிடம் வருகிறார்கள், என்ன நோய் என்பதெல்லாம் என் சொத்து இல்லையே. நல்லது செய்வதற்காக என்றாலும் எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. இன்று நல்ல செய்தியைச் சொன்னால், நாளை வேறொருவரைப் பற்றிக் கேட்கும்போது நான் வாய் மூடி இருந்தாலே அது கெட்ட செய்தி என்று ஆகிவிடும்.

"யாரைப் பத்தியும் நான் இன்னொருத்தர்கிட்ட பேசறதில்லம்மா," என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. சுருங்கிய அந்த நேரத்தில் அவருடைய வலது கை, தானாகவே, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடத்துக்குப் போய்ச் சொறிந்துவிட்டுத் திரும்பி வந்தது.

"அங்க என்னம்மா?"

"அங்கயா? ஒண்ணுமில்லீங்களே."

"கொஞ்சம் மறைப்புக்குப் பின்னால வாங்க."

இடுப்பைச் சுற்றி வட்டம் வட்டமாகப் படர்தாமரை. ஆறு மாதமாவது இருக்கும். மெடிக்கலில் வாங்கிய ட்யூபைப் பூசிப் பூசி நன்றாக வளர்த்து வைத்திருந்தார். மருந்து எழுதினேன். எழுதி முடித்துவிட்டுக் கேட்டேன்: "நாளைக்கு யாராவது வந்து, அந்த அம்மாவுக்கு இடுப்புல என்ன, தொத்து வியாதியான்னு கேட்டா நான் சொல்லலாமா?"

அவர் பதறிப்போனார். "அய்யய்யோ, வேணாங்க!"

"சொல்ல மாட்டேன். யாரைப் பத்தியும் சொல்ல மாட்டேன். அப்புறம் ஒண்ணு. இதுக்குன்னு தனியா சோப்பு, துண்டு வெச்சிக்கோங்க. உங்களுக்கு இருக்கிறது ஒட்டும்."

சீட்டை நாலாக மடித்துக்கொண்டு, என் கண்ணைப் பார்க்காமல் எழுந்து போனார். கல்யாணத்தைத் தள்ளி வைப்பது பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அன்று மதியம் விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் வரும்போது நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து என் பேராசிரியரை நினைத்துக்கொண்டேன். நான் மாணவியாக இருந்தபோது எங்கள் துறைத் தலைவராக இருந்தவர். அவருக்கு ஒரு விசித்திரப் பழக்கம். நோயாளியோடு வருபவர் அதிகமாகப் பேசினால் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "நீங்க உடனே போய் ஒண்ணு வாங்கிட்டு வரணுமே," என்று எங்கேயாவது தொலைவாக அனுப்பிவிடுவார். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம். கிழவருக்குப் பொறுமை இல்லை என்று நினைத்தோம். அவர் பொறுமைசாலி என்பது எனக்கு அன்று, மயிலம் ஸ்டேஷன் தாண்டும்போதுதான் உறைத்தது.

அன்று மாலை எதிர்பார்த்தபடியே மூவரும் வந்தார்கள். அஞ்சலாட்சியின் இடது கண்ணிமை வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. உதடு தடித்திருந்தது. ஏழுமலை தாடியை எடுத்து, மீசையை முறுக்கி, பழைய ஏழுமலையாக இருந்தார்.

"சாமி குத்தங்க டாக்டரம்மா," என்று ஆரம்பித்தார். "மலையில ஏதோ கொற வெச்சிட்டேன் போல. இவ அங்கன்வாடில சோறு போட்டா, ரெண்டு பொம்பளைங்க தட்டப் புடுங்கிக்கினு புள்ளய இட்டுக்கினு பூட்டாங்களாம். அதான் திருவக்கரை காளி கோயிலுக்குப் போயி..."

"ஏழுமலை, நீங்க உடனே வீட்டுக்குப் போகணும்," என்றேன், என்னால் முடிந்த அளவு கவலையோடு. "உடம்புல படற பொருள் வீட்டுல என்னென்ன இருக்கோ, சோப்பு, எண்ணெய், பவுடர், யாருடையதா இருந்தாலும், எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு வாங்க. கௌரியும் கூடப் போகட்டும். ஜல்தி!"

பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் அறை முதன்முறையாக அமைதியானது. நானும், அஞ்சலாட்சியும், என்னோடு பதினைந்து வருடமாக இருக்கும் நர்ஸ் ஸ்டெல்லாவும்.

"அம்மா, முதல்ல அந்த போன் விஷயம். உறையை மாத்தியும் குறையலையே?"

அஞ்சலாட்சி தயங்கினார். "அதுங்க... நான் போன வலது காதுலதாங்க வெப்பேன். இடது காது எனக்குக் கேக்காது."

"இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க அவரக் கேட்டீங்க. அவரு சொல்லிக்கினு இருந்தாரு."

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

"சரி. அவரு மாலை போட்டிருந்தப்ப உங்களுக்கு நல்லா இருந்துச்சு. அந்த ஒரு மண்டலமும் வீட்டுல என்ன மாறிச்சு? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் மாறலீங்க. காத்தால எழுந்து குளிப்போம். கவுச்சி கெடையாது. பூஜ பண்ணுவோம். அவரு கூடத்துல பாய் போட்டுத் தனியாப் படுத்துக்குவாரு..."

வார்த்தை அங்கே நின்றது.

"மத்த நாள்ல?"

அஞ்சலாட்சி புடவையின் கரையைப் பார்த்தார். "மத்த நாள்ல எனக்கு இடது பக்கமாப் படுப்பாருங்க. கல்யாணமான நாளா அப்படித்தான். படுத்தாலும் பேசிக்கினேதான் இருப்பாரு. எனக்குத்தான் அந்தக் காது கேக்காதே, நான் பாட்டுக்குத் தூங்கிடுவேன்."

இந்த முறை ஸ்டெல்லாவால் முடியவில்லை. அஞ்சலாட்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வீங்கிய உதட்டோடு சிரிப்பது அவருக்கு வலித்திருக்க வேண்டும். ஆனாலும் சிரித்தார். அந்த அம்மாவின் சிரிப்பை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சிரித்து முடித்த ஸ்டெல்லாதான் சொன்னாள். "டாக்டர், மார்கழில சாமியா வந்தாரே, அப்போ அவரு தாடி மீசையெல்லாம் வெள்ள வெளேர்னு இருந்துச்சே. இப்போ பாருங்க, கருகருன்னு இருக்குது."

நான் அவளையே பார்த்தேன். மார்கழியில் அந்த மனிதர் என் எதிரில் மூன்றடி தூரத்தில் நின்றார். நான் தாடியைப் பார்த்தேன், அது வெள்ளை என்பதைப் பார்க்கவில்லை. என் களிம்பின் பெருமையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீசைக்கு எப்பலேர்ந்தும்மா சாயம் போடறாரு?"

"பொண்ணு பாக்க வர்றாங்கன்னு ஆனில ஆரம்பிச்சாருங்க. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்காரு. நானும் கேட்டுக்கல."

"நீங்க எப்பவாவது சாயம் தொட்டிருக்கீங்களா? தலைக்கு, கைக்கு?"

"தலைக்கு இல்லீங்க. ரெண்டு வருஷம் முன்னால எங்க நாத்தனார் பொண்ணு கல்யாணத்துல கறுப்பு மருதாணி கோனு போட்டாங்க. கையெல்லாம் கொப்புளம் கெளம்பிடுச்சு. அன்னிக்கு நீங்க என்ன போடுவீங்கன்னு கேட்டப்பவே சொல்லலாம்னு வாயத் தொறந்தேன்."

உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தக் கறுப்பு மருதாணியில் கலக்கும் அதே சாயப்பொருள்தான் முடிச்சாயத்திலும் இருக்கிறது. ஒருமுறை அதற்கு எதிரியாகிவிட்ட தோல் ஆயுசுக்கும் மறக்காது. ஏழுமலையின் தோலுக்கு அந்தச் சாயம் ஒன்றும் செய்யவில்லை. மீசையில் ஒட்டியிருந்தது மனைவியின் கன்னத்தைப் போய்ச் சேர்ந்தது. இதைப் பற்றி நம் பாடப்புத்தகத்திலேயே ஒரு பத்தி இருக்கிறது. நான் படித்துத் தேர்வெழுதியவள். ஆனால் மூன்று முறை வந்தபோதும் குற்றவாளியையே சாட்சிக் கூண்டில் நிறுத்தி, "யார் செய்தது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் அவர்கிட்ட தனியாச் சொல்லலாமாம்மா?"

அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தை முழுவதும் மூடிக்கொண்டார். "பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோங்க. இந்த நேரத்துல இப்படின்னு தெரிஞ்சா மானம் பூடுமே." பிறகு முந்தானைக்குள்ளிருந்தே குரல் வந்தது. "சொல்லுங்க. ஆனா நான் வெளிய பூடுறேன். கௌரிக்கு மட்டும் தெரியக் கூடாது."

ஒரு மணி நேரத்தில் ஏழுமலை மூச்சிரைக்கத் திரும்பினார். மேஜைமேல் பையைக் கவிழ்த்தார். சோப்பு, தேங்காயெண்ணெய், பவுடர், குங்குமச் சிமிழ், தைல பாட்டில். கடைசியாக, ஒரு துணியில் சுருட்டிய பொட்டலம். அதிலிருந்து கறுப்புச் சாயப் பாக்கெட்டும் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் உருண்டு விழுந்தன.

ஏழுமலை அதை முதல்தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "இது யாருதுன்னு தெரியலீங்களே."

"உன் ஆம்ப்ளிஃபயர் பொட்டிக்குள்ள இருந்துச்சுப்பா," என்றாள் கௌரி. "டாக்டரம்மா யாருதா இருந்தாலும் எடுத்தாரச் சொன்னாங்க இல்ல?"

ஸ்டெல்லா தாயையும் மகளையும் வெளியே அழைத்துக்கொண்டு போனாள். நான் கதவைச் சாத்தினேன்.

"ஏழுமலை, நான் ரெண்டு நிமிஷம் பேசுவேன். நீங்க குறுக்க பேசக் கூடாது."

சாயத்தைச் சொன்னேன். மருதாணியைச் சொன்னேன். விரத நாள்களைச் சொன்னேன். மீதியைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் கை மெதுவாக எழுந்து மீசையை மூடிக்கொண்டது.

நான் கோபத்தை எதிர்பார்த்தேன். "எங்க பரம்பரையே நரைக்காதுங்க" என்று ஒரு மறுப்பையாவது எதிர்பார்த்தேன். அந்தப் பெரிய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. "நாந்தானா?" என்றார். "ஏழு மாசமா ஒவ்வொரு நாளும் அவ மூஞ்சியப் பாத்து அழுதுக்கினு இருந்தேன் டாக்டரம்மா. அந்தப் பாவி நாந்தானா?" கண்ணில் நீர் நின்றது. அதுவரை எனக்கும் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அது அப்போது நின்றுவிட்டது.

"உங்களுக்குத் தெரியாது. எனக்கே தெரியல. இனிமே சாயம் வேண்டாம், அவ்வளவுதான். வெள்ளை மீசை அழகுதான்."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ரகசியமான குரலில், "சாயம் போட்ட முடி இருக்கிறவரிக்கும் ஆபத்து தானுங்களே? மொத்தமா எடுத்துட்டா?" என்றார்.

"எடுத்துட்டா உடனே நல்லது."

"மீசைய எடுத்துட்டாப் போதுங்களா? இல்ல..." கையால் காற்றில் ஏதோ வரைந்தார். "கூடத்துல படுக்கணுங்களா?"

"மீசைய எடுத்தாப் போதும்," என்றேன், என் முகத்தில் ஒரு தசையும் அசையாமல். முப்பது வருடச் சேவையில் என் மிகப் பெரிய கட்டுப்பாடு அதுதான்.

மறுநாள் காலையிலேயே மீசை போய்விட்டது என்று ஸ்டெல்லாவுக்குத் தகவல் வந்தது. தலையணை உறை, போர்வை, துண்டு எல்லாவற்றையும் ஏழுமலையே துவைத்தாராம். வீக்கம் வடிய ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தேன். ஒட்டுச் சோதனைக்குப் புதுச்சேரிக்கு அனுப்புவதைக் கல்யாணத்துக்குப் பிறகு என்று தள்ளி வைத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் முதுகில் சாயத்தை ஒட்டிப் புண்ணாக்கி, "நான் சொன்னது சரிதான்" என்று நிரூபிப்பதில் எனக்குத்தான் லாபம், அவருக்கு இல்லை. பின்னால் செய்தபோது, சந்தேகமே இல்லாமல் சாயம்தான் என்று வந்தது.

எல்லாரையும் சந்தேகப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏழுமலை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, அந்தப் பாக்கெட்டைப் பற்றிச் சொன்னதைத் தவிர. மனைவியை உண்மையாக நேசித்ததால்தான் அவளுக்காக அத்தனை பேசினார். நேசிப்பவர்கள் சொல்லும் விவரம் முழுமையாக இருக்கும், அன்பாக இருக்கும், தவறாகவும் இருக்கலாம். யாருக்கு அரிக்கிறதோ அவர் வாயைத் திறந்தால், சொல்லி முடித்து மூடும்வரை காத்திருங்கள். வெளியே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் சரி.

கல்யாணம் திண்டிவனத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நானும் ஸ்டெல்லாவும் போயிருந்தோம். வாசலில் அஞ்சலாட்சி சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். கன்னத்தில் லேசான கருமை மட்டும் மிச்சம்; அதையும் தேடினால்தான் தெரியும். மாப்பிள்ளையின் அம்மா அவர் கையாலேயே சந்தனம் வாங்கி இட்டுக்கொண்டு, என்னைக் கண்டதும் சட்டென்று பந்தி பரிமாறும் பக்கம் ஏதோ அவசர வேலையாகப் போனார். இடுப்பில் கை வைக்காமல் நடந்தார். மருந்து வேலை செய்திருக்கிறது.

மேடையில் குடும்பப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம். போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, அஞ்சலாட்சி பக்கத்தில் நின்ற, மேலுதடு வெளுத்த ஓர் ஆளைப் பார்த்தார். அந்த மண்டபத்தில் பல கல்யாணங்களில் ஏழுமலையோடு வேலை பார்த்தவர் அவர்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் கீழ எறங்கிக்கோங்க," என்றார். "ஏழுமலை அண்ணன் வரட்டும். யாருப்பா அங்க, பொண்ணோட அப்பாவக் கூப்புடுங்க!"

ஏழுமலை ஒன்றும் பேசாமல், உண்மையாகவே, ஒரு படி கீழே இறங்கினார்.

அஞ்சலாட்சி எட்டி அவர் கையைப் பிடித்து மேலே இழுத்தார். "இவருதான்யா அவரு!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். மைக் இல்லாமலே கேட்டது. இழுத்த கையை விடாமல், அப்படியே ஒட்டி நின்றுகொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.